கணினி வாடகைக்கு, பொறுப்பு நமக்கு

2019 ஜூலை 10. மான்செஸ்டரில் உலகக்கோப்பை அரையிறுதி. நியூசிலாந்தின் 239 ரன்னை விரட்டக் கிளம்பிய இந்தியா தொடக்கத்திலேயே விக்கெட்டுகளைப் பறிகொடுத்துவிட்டது. தோனியும் ஜடேஜாவும் ஆட்டத்தைத் தூக்கி நிறுத்த, ஹாட்ஸ்டார் செயலியில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய தேதியில் அது உலக சாதனை. 49-ஆவது ஓவரில் மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து நேராக ஸ்டம்பில் பட்டது. தோனி ரன் அவுட். கூட்டம் கலையத் தொடங்கியது.

ரசிகர்களுக்கு நெஞ்சடைத்த அந்த நிமிடத்தில் ஹாட்ஸ்டார் பொறியாளர்களுக்கு வேறு கவலை. ஆட்டத்தை வெறுத்துப்போய் விடுகிறவர் போனில் பின்செல்லும் பொத்தானை அழுத்துவார். உடனே செயலியின் முகப்புப் பக்கம் திறக்கும். அதுவரை வீடியோவை மட்டும் வாங்கிக்கொண்டிருந்த போன்கள் இப்போது படங்கள், பரிந்துரைகள், கணக்கு விவரங்கள் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்கும். கூட்டம் வரும்போது திணறுகிற சர்வர், கூட்டம் கலையும்போதும் திணறும்.

ஆட்டம் இல்லாத ஒரு நாளின் மதியத்தில் அதே செயலிக்கு வேண்டிய சர்வர்கள் அரையிறுதிக்கு வேண்டியவற்றில் சிறு பங்குதான். அரையிறுதிக்காக வாங்கிப் போட்டால் மறுநாள் முதல் மின்சாரத்தைத் தின்றுகொண்டு சும்மா நிற்கும். ஹாட்ஸ்டார் வாங்கவில்லை. அமேசானின் கிளவுடில் வாடகைக்கு எடுத்தது. வேலை முடிந்ததும் விட்டுவிட்டது.

மேகக் கணிமை, அதாவது கிளவுட், எவ்வளவு பெரிதாக வளரும் என்பதைத்தான் விற்பவர்கள் சொல்வார்கள். காசு கட்டுகிறவருக்கு லாபம் வருவது அது சுருங்கும்போது. கல்யாணத்துக்கு அண்டாவும் ஜமக்காளமும் வாடகைக் கடையிலிருந்து வரும்; முடிந்ததும் எண்ணி ஒப்படைத்துவிடுவோம். தினமும் நாலு பேருக்குச் சோறு வடிக்கிற பானையை யாரும் வாடகைக்கு எடுப்பதில்லை. கிளவுட் பற்றி ஒரு நிறுவனம் எடுக்க வேண்டிய முடிவுகளில் பாதி இதற்குள் அடங்கிவிடும். மீதிப் பாதி, வாடகைக்கு எடுத்த பிறகும் நம் தலையில் இருக்கும் பொறுப்புகளைப் பற்றியது.

எது கிளவுட்?

வருட வாடகைக்கு ஒரு சர்வரைக் கொடுத்துவிட்டு அதையும் கிளவுட் என்று விற்பவர்கள் உண்டு. உரசிப் பார்க்க ஓர் உரைகல் இருக்கிறது. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2011 செப்டம்பரில் ஒரு சிறு ஆவணமாக வெளியிட்ட வரையறை அது. ஐந்து இலக்கணங்களைச் சொல்கிறது: வாடிக்கையாளர் யாரிடமும் கேட்காமல் தானே எடுத்துக்கொள்ள முடிய வேண்டும், இணையம் வழியாக எந்தக் கருவியிலிருந்தும் எட்ட வேண்டும், ஒரே பொதுக் கையிருப்பிலிருந்து பல வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும், தேவைக்கேற்ப விரைவாகக் கூடவும் குறையவும் வேண்டும், பயன்பாட்டுக்கு மீட்டர் இருக்க வேண்டும். நாம் பேரம் பேசும் சேவை இந்த ஐந்தில் எங்கே நழுவுகிறது என்று பார்த்தாலே அதன் தரம் தெரிந்துவிடும்.

யோசனை பழையது. எம்.ஐ.டி.யின் நூற்றாண்டு விழாவில் 1961-இல் பேசிய கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி, தொலைபேசியைப் போலக் கணிப்பு ஆற்றலும் ஒருநாள் பொதுச் சேவையாகலாம் என்றார். ஒரே இயந்திரத்தைப் பல இயந்திரங்களாக நடிக்க வைக்கும் வித்தையை ஐபிஎம் 1960-களிலேயே செய்துகாட்டி, 1972-இல் விஎம்/370 என்ற பெயரில் விற்பனைக்கும் அறிவித்தது. ஆனால் அது பெரிய மெயின்பிரேம் கணினிகளின் தனிச் சொத்து. சாதாரண இன்டெல் வகைக் கணினிகளுக்கு அந்த வித்தையை 1999-இல் விஎம்வேர் கொண்டுவந்தது. 2003-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஜென் என்ற திறமூல மென்பொருள் வந்தது.

அமேசான் இந்தக் கட்டத்தில்தான் நுழைகிறது. பண்டிகைக் காலம் முடிந்து மிஞ்சிய சர்வர்களை வாடகைக்கு விட்டுத் தொடங்கியதாக ஒரு கதை உலவுகிறது. அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகல்ஸ் அதை மறுத்திருக்கிறார். உள்ளுக்குள் கணினிகளை ஒரே சீராக நிர்வகிக்க 2003-இல் கிறிஸ் பிங்கம், பெஞ்சமின் பிளாக் என்ற இரு பொறியாளர்கள் எழுதிய குறிப்பில், இதையே வெளியாருக்கும் விற்கலாம் என்ற யோசனை இருந்தது. பிங்கமின் குழு தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் உட்கார்ந்து ஜென் மென்பொருள்மீது கட்டியதுதான் சர்வரை வாடகைக்கு விடும் ஈசி2. 2006 மார்ச்சில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்3, மாதத்துக்கு ஒரு ஜிபிக்கு 15 சென்ட். அதே ஆண்டு ஆகஸ்டில் ஈசி2, மணிக்கு 10 சென்ட். கூகுள் 2008-இல் ஆப் எஞ்ஜினோடு வந்தது. மைக்ரோசாஃப்டின் அஸூர் 2010-இல் முழு விற்பனைக்கு வந்தது.

ஒரு சர்வர் எடுப்போம்

கம்பெனிக்கு ஒரு சர்வர் வாங்குவதென்றால் கொட்டேஷன், பர்ச்சேஸ் ஆர்டர், டெலிவரி, ரேக்கில் ஏற்றுவது, வயரிங் என்று வாரக்கணக்கில் இழுக்கும். கிளவுட் நிறுவனத்தின் இணையப் பக்கமான கன்சோலில் நடப்பதை அருகிலிருந்து பார்க்கலாம்.

முதலில் எந்த ஊர் என்று கேட்கும். அமேசானுக்கு 2016 முதல் மும்பையும், 2022 முதல் ஹைதராபாத்தும் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2015-இல் புனே, மும்பை, சென்னை ஆகிய இடங்களில் தொடங்கியது. கூகுளுக்கு மும்பையும் டெல்லியும். ஊரின் தேர்வு சில்லறை விஷயமில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். நம் வாடிக்கையாளர் மதுரையிலும் சர்வர் அமெரிக்காவின் விர்ஜினியாவிலும் இருந்தால், ஒவ்வொரு சொடுக்குக்கும் தகவல் உலகைப் பாதி சுற்றிப் போய்வர வேண்டும். எவ்வளவு வேகமான சர்வரும் அந்தத் தூரத்தைக் குறைக்காது.

அடுத்து, அந்த ஊருக்குள் எந்த மண்டலம் என்ற கேள்வி. அமேசானின் அமைப்பில் ஓர் ஊரில் குறைந்தது மூன்று மண்டலங்கள். ஒவ்வொன்றும் தனி மின்சாரம், தனிக் குளிர்விப்பு, தனி நெட்வொர்க் கொண்ட டேட்டா சென்டர் தொகுப்பு. ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தள்ளி, ஆனால் 100 கிலோமீட்டருக்குள். பிறகு இயங்குதளம், பிராசசர் எண்ணிக்கை, நினைவகம், டிஸ்க், உள்ளே யார் வரலாம் என்ற ஃபயர்வால் விதி, பூட்டுச் சாவி. கடைசியில் ஒரு பொத்தான்.

அழுத்தியதும் ஒரு நிரல் ஆயிரக்கணக்கான நிஜ இயந்திரங்களில் இடம் காலியாக இருப்பதைத் தேடிப் பிடிக்கிறது. அதில் ஹைப்பர்வைசர் என்ற அடித்தள மென்பொருள், நாம் கேட்ட அளவுக்கு பிராசசரையும் நினைவகத்தையும் வெட்டிக் கொடுத்துச் சுவர் எழுப்புகிறது. பக்கத்தில் வேறொரு நிறுவனத்தின் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கலாம். இவருக்கு அவரைத் தெரியாது. டிஸ்க் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பெரும்பாலும் அதே மண்டலத்தில் வேறோர் இடத்திலிருந்து நெட்வொர்க் வழியாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஓரிரு நிமிடத்தில் சர்வர் தயார். லினக்ஸ் என்றால் 2017 அக்டோபரிலிருந்து அமேசானில் வினாடிக் கணக்கில் பில்.

சர்வரை இப்படிக் கையால் எடுப்பது கற்றுக்கொள்ளும் நாட்களில் சரி. தொழிலாக வந்தபின் எந்த ஊர், எத்தனை சர்வர், என்ன விதி என்பதெல்லாம் டெராஃபார்ம் போன்ற கருவிகளுக்கான கோப்பாக எழுதப்பட்டு, நிரலைப் போலவே சரிபார்க்கப்படும். நெட்வொர்க், சர்வர் வேலை பார்த்தவர்கள் புதிதாகப் பழக வேண்டிய முதல் பழக்கம் இது.

எவ்வளவு வேகமாக வளரும்?

தேவை கூடினால் தானாகவே சர்வர் கூடும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. உண்மைதான், ஆனால் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஹாட்ஸ்டார் பொறியாளர்கள் பின்னர் விளக்கியபடி, முக்கிய ஆட்டங்களில் நிமிடத்துக்குப் பத்து லட்சம் பேர் வீதம் கூட்டம் ஏறியது. புது சர்வர் எழுந்து, செயலி அதில் ஏறி, வேலைக்குத் தயாராக ஒன்றரை நிமிடம் ஆனால் அதற்குள் பதினைந்து லட்சம் பேர் வாசலில் நிற்பார்கள். கேட்ட அளவு இயந்திரம் அந்த மண்டலத்தில் இல்லை என்ற பதிலும் வரலாம். கிளவுடும் கடைசியில் ஒரு கட்டடம்தான். அதிலும் இடம் தீரும்.

அதனால் அவர்கள் வழக்கமான தானியங்கி ஏற்பாட்டை நம்பவில்லை. இத்தனை லட்சம் பேர் வந்தால் இத்தனை சர்வர் என்று படிப்படியாக முன்கூட்டியே அட்டவணை போட்டு, கூட்டம் ஒரு படியைத் தொடுமுன்பே அடுத்த படிக்கான சர்வர்களை எழுப்பி வைத்தார்கள். போலிக் கூட்டத்தை உருவாக்கி ஒத்திகை பார்த்தார்கள். நெருக்கடி வந்தால் பரிந்துரைகள் போன்ற அலங்காரங்களை அணைத்துவிட்டு வீடியோவை மட்டும் காப்பாற்றும் வழியும் வைத்திருந்தார்கள். தீபாவளி விற்பனைக்கோ தேர்வு முடிவு வெளியாகும் நாளுக்கோ இணையதளம் நடத்துகிறவர்களுக்கும் இதே பாடம்தான்: நாள் முன்கூட்டியே தெரிந்தால், தானியங்கியை நம்பிக் காத்திருக்காமல் முதல் நாளே ஏற்றிவிடுங்கள்.

எவ்வளவு வாடகைக்கு, எவ்வளவு சொந்தம்?

வாடகையில் மூன்று அடுக்குகள். கீழடுக்கில் வெறும் சர்வர், டிஸ்க், நெட்வொர்க் மட்டும் கிடைக்கும். இயங்குதளத்தைப் புதுப்பிப்பது முதல் எல்லாம் நம் வேலை. நடு அடுக்கில் இயங்குதளமும் டேட்டாபேஸும் அவர்கள் பராமரிப்பில். நாம் நிரலை மட்டும் கொடுக்கிறோம். 2014-இல் வந்த அமேசான் லாம்டா இதன் நீட்சி: கோரிக்கை வந்தால் மட்டும் நிரல் ஓடும், வந்த கோரிக்கைக்கும் ஓடிய நேரத்துக்கும் மட்டும் காசு. மேலடுக்கில் மென்பொருளே முழுசாக வாடகைக்கு. 1999-இல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் பிரபலமாக்கிய இந்த முறையைத்தான் சாஸ் என்கிறோம். மேலே போகப் போக வேலை குறையும். நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் சுதந்திரமும் குறையும். இருபது பேர் வேலை பார்க்கும் நிறுவனம் மின்னஞ்சலுக்கும் கணக்குக்கும் கீழடுக்கில் சர்வர் எடுப்பது வீண். நேராக சாஸுக்குப் போய்விடலாம்.

வாடகையின் அழகைக் காட்டும் கணக்கு ஒன்று. 2007-இல் நியூயார்க் டைம்ஸ் தன் பழைய இதழ்களின் 1.1 கோடிக் கட்டுரைகளை பிடிஎஃப் கோப்புகளாக மாற்ற நினைத்தது. மூலப் படங்கள் 4 டெராபைட். அமேசானில் 100 இயந்திரங்களை எடுத்து, ஒரு நாளைக்குள் முடித்துவிட்டார்கள். 100 இயந்திரம், 24 மணி நேரம், மணிக்கு 10 சென்ட்: 240 டாலர். ஒரே இயந்திரத்தில் 2,400 மணி நேரம் ஓட்டியிருந்தாலும் அதே 240 டாலர்தான், ஆனால் 100 நாள் காத்திருக்க வேண்டும். வேகத்துக்குத் தனிக் காசு கேட்காத இப்படியொரு சந்தை கணினி உலகுக்குப் புதிது.

இதன் மறுபக்கம் டிராப்பாக்ஸ். மக்களின் கோப்புகளை அமேசானில் வைத்து வளர்ந்த நிறுவனம். கோப்புச் சேமிப்பு ஆட்டம்போல் ஏறி இறங்காது. நேற்று வைத்த கோப்பு இன்றும் இருக்கும், நாளையும் இருக்கும். 2016 வாக்கில் பெரும்பகுதியைச் சொந்த டேட்டா சென்டர்களுக்கு மாற்றியது. அந்த மாற்றத்தால் இரண்டு ஆண்டுகளில் செலவு சுமார் 7.5 கோடி டாலர் குறைந்ததாகப் பங்குச் சந்தைக்கு வந்தபோது தாக்கல் செய்த ஆவணத்தில் சொன்னது.

முடிவெடுக்க ஓர் எளிய விகிதம் போதும். சொந்தமாக வாங்கினால் உச்சத் தேவைக்கு வாங்க வேண்டும். வாடகை என்றால் சராசரித் தேவைக்குக் கொடுத்தால் போதும். ஒரு மணி நேர வாடகை, சொந்த இயந்திரத்தின் ஒரு மணி நேரச் செலவைப்போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம். உச்சத் தேவை சராசரியைப்போல மூன்று மடங்குக்கு மேல் போனால் வாடகை லாபம். அதற்குள் இருந்தால் சொந்தம் லாபம். சொந்தச் செலவைக் கணக்கிடும்போது மின்சாரம், ஏசி, ஜெனரேட்டர், ராத்திரியில் எழுந்து ஓடுகிற ஆளின் சம்பளம் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். பலர் சர்வரின் விலையை மட்டும் போட்டு ஏமாந்துபோகிறார்கள்.

சென்னையிலேயே இரண்டு வழிகளும் இருக்கின்றன. 1996-இல் தொடங்கி இன்று சோஹோ என்று அறியப்படும் நிறுவனம் தன் மென்பொருள்களைச் சொந்த டேட்டா சென்டர்களில் ஓட்டுகிறது. அங்கே வேலை பார்த்து வெளியே வந்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமேசானின் கிளவுடில் வளர்ந்து, 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. ஒருவருக்கு நிதானமான, நீண்ட கணக்கு. இன்னொருவருக்கு முதல் நாளிலிருந்து வேகம். இரண்டு பேரும் ஜெயித்திருக்கிறார்கள்.

விழுந்த நாட்கள்

கிளவுட் விழவே விழாது, அங்கே எல்லாம் பத்திரம் என்று யாராவது சொன்னால் இந்த நான்கையும் சொல்லுங்கள்.

2017 பிப்ரவரி 28. அமேசானின் விர்ஜினியா மையத்தில் பில்லிங் பிரச்சினை ஒன்றைத் தேடிய ஊழியர், சில சர்வர்களை நிறுத்தும் கட்டளையில் ஓர் உள்ளீட்டைத் தவறாகக் கொடுத்தார். நினைத்ததைவிட அதிக சர்வர்கள் நின்றன. எஸ்3 சுமார் நான்கு மணி நேரம் முடங்க, அதை நம்பியிருந்த ஏராளமான தளங்கள் படுத்தன. சேவை நலமா என்று காட்ட வேண்டிய அமேசானின் சொந்தப் பலகையும் எஸ்3-ஐ நம்பியிருந்ததால் அதைப் புதுப்பிக்க முடியவில்லை.

2021 மார்ச் 10. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் தீயில் அழிந்தது. அதே கட்டடத்தில் பேக்கப் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

2019-இல் அமெரிக்க வங்கியான கேப்பிடல் ஒன்னிலிருந்து சுமார் 10.6 கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின. வங்கி தன் கிளவுட் அமைப்பில் ஒரு ஃபயர்வாலைத் தவறாக அமைத்திருந்தது. அடுத்த ஆண்டு 8 கோடி டாலர் அபராதம் கட்டியது வங்கிதான், கிளவுட் நிறுவனமல்ல.

2024 மே மாதம் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியான யூனிசூப்பர் கூகுளில் வைத்திருந்த தனிக் கிளவுட் ஒன்று அழிந்தது. அமைக்கும்போது கூகுள் தரப்பில் ஒரு புலத்தைக் காலியாக விட்டிருந்தார்கள்; அதனால் ஓராண்டுக் காலக்கெடு தானாக ஒட்டிக்கொண்டது. கெடு முடிந்ததும் அதிலிருந்த எல்லாம் நீங்கியது. இரண்டு மண்டலங்களில் பிரதி வைத்திருந்தும் அந்தத் தனிக் கிளவுட் ஒன்றே என்பதால் இரண்டும் போயின. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் நாட்கணக்கில் காத்திருந்தார்கள். மீண்டெழ உதவியவற்றில் வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப்பும் ஒன்று.

ஆவணங்களில் இதைப் பகிர்ந்த பொறுப்பு என்று அழகாக எழுதியிருப்பார்கள். கட்டடமும் மின்சாரமும் ஹைப்பர்வைசரும் அவர்கள் பொறுப்பு. யாருக்கு என்ன அனுமதி, எந்தக் கதவு திறந்திருக்கிறது, பேக்கப் எங்கே என்பதெல்லாம் நம் பொறுப்பு. 99.99 சதவீதம் ஓடும் என்ற உத்தரவாதமும் ஆண்டுக்கு 52 நிமிடம் படுக்கலாம் என்ற அனுமதிதான். அதைத் தாண்டினால் கிடைப்பது பெரும்பாலும் பில்லில் கழிவு. அந்த நேரத்தில் போன வியாபாரத்துக்கு நஷ்டஈடு இல்லை.

சட்டமும் பொறுப்பை நம் தலையில்தான் வைக்கிறது. பணப் பரிவர்த்தனை விவரங்களை இந்தியாவுக்குள் சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையை வேறொருவரிடம் கொடுத்திருந்தாலும் தரவைச் சேகரித்த நிறுவனமே பொறுப்பு. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

காலடி வைக்குமுன்

ஒரு வருடத்தின் சர்வர் பயன்பாட்டை வரைபடமாகப் போட்டு உச்சத்தையும் சராசரியையும் பாருங்கள். ஏறி இறங்குவதை முதலில் கிளவுடுக்கு அனுப்புங்கள். ஒரே சீராக ஓடுவதை, ஓடுகிற இடத்திலேயே விட்டுவைக்கலாம். இரண்டும் கலந்த ஏற்பாடு பலவீனமில்லை. பெரிய நிறுவனங்கள் பலவும் அப்படித்தான் நடத்துகின்றன.

பில்லைக் கணக்குப் பிரிவும் பார்க்க வேண்டும். சோதனைக்கு எடுத்து அணைக்க மறந்த சர்வர் கிளவுட் செலவில் ஒரு பெரிய ஓட்டை. எந்தச் செலவு எந்தத் துறைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டுங்கள். வரம்பு தாண்டினால் எச்சரிக்கை வரும்படி முதல் நாளே வையுங்கள். தரவை உள்ளே அனுப்பப் பொதுவாகக் காசில்லை; வெளியே எடுக்க ஜிபி கணக்கில் கட்டணம். மொத்தமாக விலகுகிறவர்களுக்கு அதைத் தள்ளுபடி செய்வதாக மூன்று பெரிய நிறுவனங்களும் 2024-இல் அறிவித்தன. ஆனால் அவர்களுக்கே உரிய டேட்டாபேஸில் நிரலைக் கட்டியிருந்தால் அதை மாற்றி எழுதும் செலவை யாரும் தள்ளுபடி செய்யமாட்டார்கள்.

தலைமைக் கணக்குக்கு இரட்டைப் பூட்டு போட்டு அன்றாட வேலைக்கு அதைத் தொடாதீர்கள். ஒரு பேக்கப் வேறு ஊரில், வேறு கணக்கில், முடிந்தால் வேறு நிறுவனத்தில் இருக்கட்டும். காலாண்டுக்கு ஒருமுறை அதிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுத்து ஓட்டிப் பாருங்கள். அந்த ஒத்திகையில் எத்தனை மணி நேரம் ஆகிறதோ, பேக்கப்பிலிருந்து மீள வேண்டிய நாளில் உங்கள் கடை குறைந்தது அத்தனை மணி நேரம் மூடியிருக்கும். விற்பனைப் பிரதிநிதி காட்டும் எந்த அட்டவணையிலும் இல்லாத, முதலாளி கட்டாயம் கேட்க வேண்டிய எண் அதுதான்.